இயல் 7: சொந்தக் கணினியில் கிடைக்கும் தரவு மேகத்தில் கிடைக்காதபோது

ஒரு செயலி தான் இயங்கும் கணினிக்கு வெளியே உள்ள தரவுத்தளத்தையோ, கோப்புக் கிடங்கையோ, வேறொரு நிறுவனம் வழங்கும் ஏபிஐ என்னும் நிரல்வழிச் சேவையையோ நாடித் தனக்கு வேண்டியதைப் பெறுவதைத் தொலைத்தரவு அணுகல் என்பர். மடிக்கணினியில் எழுதிச் சோதித்த செயலியை மேகக்கணினிச் சேவையில் நிறுவியவுடன், அதுவரை தரவைக் கொண்டுவந்த அதே நிரல்வரி பிழையைக் கொண்டுவருவது இத்துறையில் அன்றாட நிகழ்வு. அந்நிலையில் பெரும்பாலோர் மேகத்தில் என்ன கெட்டுவிட்டது என்று தேடத் தொடங்குவர். இந்த இயல் கேள்வியைத் திருப்பிப் போட்டு, மடிக்கணினியில் அது ஏன் வேலை செய்தது என்பதற்கே முதலில் விளக்கம் கேட்கிறது.

நிரலாளரின் கணினி, எவரும் கேளாமலேயே நிரலுக்குப் பலவற்றைக் கடனாகக் கொடுக்கிறது. என்றோ செய்த உள்நுழைவின் சாவி முகப்பு அடைவில் கிடக்கும். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். அலுவலக விபிஎன் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு இறக்கிய கோப்பின் படி தற்காலிகச் சேமிப்பில் தங்கியிருக்கும். கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டும். இவற்றில் எதுவும் நிரலில் எழுதப்படவில்லை என்பதால், நிரலை மேகத்துக்கு அனுப்பும்போது எதுவும் உடன் செல்வதுமில்லை. ஆகவே பிழை தேடுவதென்பது, அந்தக் கடன்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, மேகத்தில் அவற்றை முறைப்படி வழங்குவதேயாகும்.

இயல் முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு போதும். மழையளவைக் காட்டும் சிறு பலகைச் செயலி ஒன்று பைத்தானில் எழுதப்பட்டு, டாக்கர் கொள்கலனில் அடைக்கப்பட்டு, மேகத்தில் ஓடுகிறது எனக் கொள்வோம். அது நிலைய விவரங்களைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்தும், பழைய ஆண்டுகளின் சிஎஸ்வி கோப்புகளை அமேசானின் எஸ்3 கிடங்கிலிருந்தும், அன்றைய அளவை வேறொரு நிறுவனத்தின் ஏபிஐயிலிருந்தும் எடுக்கிறது.

கோரிக்கை எதுவரை சென்றது

தொலைவிலுள்ள தரவை நாடும் எந்தக் கோரிக்கையும் ஒரே வரிசையில் சில கட்டங்களைக் கடக்கிறது: சேவையகத்தின் பெயர் ஐபி முகவரியாக மாற வேண்டும் (இது பெயர்த் தீர்வு), அந்த முகவரியோடு டிசிபி இணைப்பு ஏற்பட வேண்டும், டிஎல்எஸ் என்னும் மறைகுறியாக்கப் பேச்சு முடிய வேண்டும், கேட்பவர் யார் என்பது ஏற்கப்பட வேண்டும், அவருக்கு அந்தத் தரவின்மேல் அனுமதி இருக்க வேண்டும், இறுதியாகத் தரவு வர வேண்டும். பிழைச்செய்தியைப் படிப்பதன் நோக்கம், கோரிக்கை இவற்றுள் எந்தக் கட்டத்தில் நின்றது என அறிவதே. 403 என்ற விடை வந்திருந்தால் பெயர், இணைப்பு, மறைகுறியாக்கம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் சரியாக உள்ளன என்று பொருள். அதன்பின் தீச்சுவர் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். மாறாக, பெயரே தீராத நிலையில் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதாலும் பயனில்லை. காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றி மீண்டும் மீண்டும் டெப்ளாய் செய்யும் பழக்கம், பிழை தற்செயலாகத் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பதை மறைத்துவிடுவதால், தீராத பிழையைவிடத் தொல்லை தருவது.

இந்தச் சோதனைகளைச் செயலி இயங்கும் இடத்திலிருந்தே செய்ய வேண்டும். மடிக்கணினியின் உலாவியில் முகவரியைத் திறந்து, வருகிறதே என்று சொல்வது மேகத்திலுள்ள கொள்கலனைப் பற்றி எதையும் நிறுவாது. கொள்கலனுக்குள் ஒரு முனையத்தைத் திறக்க வழியிருந்தால் அங்கிருந்து கர்ல் ஆணையை அதன் விரிவான பதிவோடு இயக்கினால் கட்டங்கள் ஒவ்வொன்றும் வரிவரியாகத் தெரியும். முனையம் தராத சேவைகளில், செயலி தொடங்கும்போதே பெயர்த் தீர்வு, இணைப்பு, அடையாளம் ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்து லாக் பதிவில் எழுதும் சில வரிகளைச் சேர்ப்பது நன்று. அவ்வரிகளில் கடவுச்சொல் இடம்பெறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பும் மௌனமும்

இணைப்புக் கட்டத்தில் எழும் இரு பிழைகளைப் பலரும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். உண்மையில் அவை எதிரெதிர்ச் செய்திகளைத் தருபவை. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு என்பது, பெரும்பாலும், கோரிக்கை ஏதோ ஒரு கணினியை அடைந்து, அந்தப் போர்ட்டில் எவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அக்கணினி உடனே மறுமொழி சொன்னதன் அடையாளம். டைம்அவுட் என்பது எந்த மறுமொழியும் வராமல் காத்திருந்து சலித்ததன் அடையாளம்; மேகச் சூழலில் இது பெரும்பாலும் தீச்சுவர் பொட்டலங்களை ஓசையின்றி வீசியெறிந்ததால் நேர்வது. முன்னதில் முகவரியையும் போர்ட்டையும் ஐயுற வேண்டும். பின்னதில் வழியை ஐயுற வேண்டும்.

மறுப்புக்கு மிகப் பரவலான காரணம் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர். 127.0.0.1 என்ற முகவரிக்குரிய இப்பெயர் எப்போதும் பேசுபவரையே சுட்டும். மடிக்கணினியில் செயலியும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருந்ததால் அது பொருந்தியது. கொள்கலனுக்குள் சென்றதும் அப்பெயர் கொள்கலனையே சுட்டுவதால், 5432 என்ற போர்ட்டில் அங்கே எவரும் இல்லாமல் மறுப்பு வருகிறது. டாக்கர் கம்போஸ் பயன்படுத்தும்போது தரவுத்தளச் சேவைக்கு இட்ட பெயரையே முகவரியாகத் தரலாம். மேகத்தில் சேவை நிறுவனம் தரும் முழுப்பெயரைச் சூழல் மாறி வழியாகத் தர வேண்டும். சூழல் மாறி என்பது நிரலுக்கு வெளியிலிருந்து, இயங்கும் இடத்துக்கு ஏற்ப வழங்கப்படும் மதிப்பு. நிரலில் லோக்கல்ஹோஸ்ட்டை மாற்று மதிப்பாக எழுதிவைப்பது நயமாகத் தோன்றினாலும், சூழல் மாறி விடுபட்டதை அது மறைத்துவிடுகிறது; மதிப்பு இல்லையெனில் செயலி தொடங்காமலேயே நிற்பது மேல்.

டைம்அவுட்டுக்கு முதன்மைக் காரணம் அமேசான் போன்ற சேவைகளில் செக்யூரிட்டி குரூப் எனப்படும் தீச்சுவர் விதித் தொகுதி. தரவுத்தளத்தின் தொகுதியில் நிரலாளரின் வீட்டு முகவரிக்கு அனுமதி இருக்கும், செயலிக்கு இருக்காது. செயலியின் ஐபி முகவரியை அங்கே சேர்ப்பதைவிட, செயலி சேர்ந்துள்ள தொகுதியையே மூலமாகக் குறிப்பிடுவது நிலைத்த தீர்வு. ஏனெனில் கொள்கலன்கள் மடிந்து புதிதாய்த் தோன்றும்போது முகவரிகள் மாறிவிடும். இதன் மறுபக்கமாக, தரவுத்தளத்தை அடைவதற்காக, அமேசானின் லாம்டா சேவையில் இயங்கும் நிரல் ஒன்றைத் தனியார் வலையமைப்புக்குள் வைத்தவுடன், நேட் கேட்வே போன்ற வெளிவழி அமைக்கப்படாவிடில், அதுவரை கிடைத்துவந்த வெளி ஏபிஐ கிடைக்காமல் போவதும் உண்டு. ஒன்றைச் சரிசெய்ததும் மற்றொன்று உடைந்ததாகத் தோன்றும் இந்நிலையில் இரண்டுக்கும் காரணம், நிரல் எந்த வலையமைப்புக்குள் இருக்கிறது என்பது ஒன்றே.

டைம்அவுட் பிழையில் மற்றொரு சிக்கல், அது தன் உண்மை வடிவில் வெளிப்படாமை. விடையே வராத இணைப்பை லினக்ஸ் தன் நெடுங்கால இயல்பமைப்பில் ஏறத்தாழ 127 நொடிகள் முயன்று பார்க்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் நாம் சொல்லாதவரை தன்பங்குக்கு எந்தக் கால வரம்பும் விதிப்பதில்லை. ஆனால் செயலிகளை இயக்கித்தரும் ஹெரோக்கு மேகச் சேவையின் திசைவி 30 நொடிகளுக்குள் விடையின் முதற்பகுதி வராவிடில் பயனருக்குத் தன் சொந்தப் பிழையைக் காட்டிவிடும். லாம்டாவின் இயல்பு வரம்போ 3 நொடிகள் மட்டுமே. எனவே தரவுத்தளத்தில் தொடங்கிய சிக்கல், செயலி மெதுவாக இயங்குகிறது என்ற பொய்த் தோற்றத்தோடு வெளிவருகிறது. இணைப்புக்கான காத்திருப்பை நிரலிலேயே குறுக்கி, சுற்றியுள்ள அமைப்பின் வரம்பைவிடச் சிறியதாக வைத்தால், பிழை தான் பிறந்த இடத்தின் பெயரோடு பதிவாகும்.

பெயர்த் தீர்வில் எழும் சிக்கல்கள் குறைவு; ஆயினும் ஒன்று அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. ஒரு பெயருக்கு ஐபிவி6 முகவரி மட்டும் இருக்க, செயலி இயங்கும் மேகச் சேவையில் ஐபிவி4 மட்டும் இருந்தால், நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள் என்ற பிழை எழும். அமேசான் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரிகளுக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இதையொட்டி, தரவுத்தளச் சேவை வழங்கும் சூப்பாபேஸ் அதே ஆண்டில் தன் நேரடித் தரவுத்தள முகவரிகளை ஐபிவி6க்கு மாற்றி, ஐபிவி4 மட்டும் உடையோர் இணைப்புத் திரட்டி வழியாக வருமாறு செய்தது. இந்தியாவில் ஜியோ போன்ற நிறுவனங்களின் இணைப்பில் ஐபிவி6 பரவலாகக் கிடைப்பதால், இங்குள்ள நிரலாளரின் வீட்டில் வேலை செய்வது மேகத்தில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. அல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட சிறிய கொள்கலன்களில் வேறொரு நுட்பக் குறையும் இருந்தது: அவற்றிலுள்ள மஸ்ல் நூலகம் 2023இல் வந்த 1.2.4 பதிப்புக்கு முன்புவரை நீளமான டிஎன்எஸ் விடைகளை டிசிபி வழியாக மீண்டும் கேட்கத் தெரியாததாக இருந்தது.

சான்றிதழ்

டிஎல்எஸ் கட்டத்தில் உலாவியை நம்புவது பெரும் பிழைக்கு வழிவகுக்கும். சேவையகம் தன் சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும்; அது விடுபட்டிருந்தாலும் பெரும்பாலான உலாவிகள் தாமே அதைத் தேடி நிரப்பிக்கொள்வதால் தளம் குறையின்றித் திறக்கும். பைத்தான் நிரல் அவ்வாறு செய்யாததால் சரிபார்ப்பு தவறியது என்று நிற்கும். இன்னொரு வகைப் பிழை, கொள்கலனின் பழமையால் வருவது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்கள் முன்பு சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய ஓபன்எஸ்எஸ்எல் கொண்ட கணினிகளில் நல்ல தளங்கள்கூட நம்பத்தகாதவையாகக் காட்டப்பட்டன. அதே நேரத்தில் மடிக்கணினிகள் பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை. இரு நிலையிலும் சரிபார்ப்பையே அணைத்துவிடுவது விரைவான வழி எனச் சிலர் பரிந்துரைப்பர். அது பிழையை நீக்குவதில்லை, பிழையைச் சொல்லும் குரலை நிறுத்துகிறது. அடிப்படைப் படிமத்தைப் புதுப்பிப்பதும், மூலச் சான்றிதழ்த் தொகுப்பை அதில் நிறுவுவதும், விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைச் சேவை நிறுவனத்துக்குத் தெரிவிப்பதுமே முறை.

கேட்பவர் யார்

மேகத்தில் எழும் அணுகல் பிழைகளுள் மிகுதியானவை இக்கட்டத்தைச் சேர்ந்தவை. அமேசானின் நிரல் நூலகம் அடையாளத்தை ஒரு வரிசைப்படி தேடுகிறது: நிரலில் தரப்பட்டது, சூழல் மாறிகள், முகப்பு அடைவிலுள்ள சாவிக் கோப்பு, பின்னர் கொள்கலனுக்கோ கணினிக்கோ வழங்கப்பட்ட பொறுப்பு (ரோல்) எனத் தேடி, முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்கிறது. கூகுள் மேகத்திலும் இவ்வாறே, மடிக்கணினியில் நிரலாளரின் சொந்தக் கணக்கும், கிளவுட் ரன் சேவையில் ஒரு சேவைக் கணக்கும் ஒரே நிரல்வரியின் பின்னால் நிற்கின்றன. நிரலாளர் பெரும்பாலும் திட்டத்தின் உரிமையாளர். சேவைக் கணக்கோ அவ்வளவு அனுமதி பெறாதது. ஆகவே முதல் வேலை, தற்போதைய அடையாளம் யாது என்று கேட்கும் ஆணையை இரு இடங்களிலும் இயக்கி, வரும் விடைகளை ஒப்பிடுவது. அமேசானில் எஸ்டிஎஸ் சேவை இதற்கு விடை சொல்லும்.

எஸ்3 கிடங்கின் 403 விடைக்குத் தனிக் கவனம் தேவை. கிடங்கின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் அனுமதி இல்லாதவர், அங்கு இல்லாத கோப்பைக் கேட்டாலும், இல்லை என்னும் 404 வருவதற்குப் பதிலாக 403 வரும்; கோப்பு உண்டா இல்லையா என்பதைக்கூட அயலாருக்குச் சொல்லக் கூடாது என்பதே இதன் நோக்கம். இதை அறியாமல் அனுமதிக் கொள்கையை நாள்முழுதும் திருத்துவோர் உண்டு. உண்மையில் கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பெரிதாக இருந்திருக்கும். விண்டோஸும் மேக்கும் தம் இயல்பமைப்பில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்துவதில்லை. லினக்ஸும் எஸ்3யும் வேறுபடுத்தும். மடிக்கணினியில் அக்கோப்பின் படி ஒன்று இருந்து, நிரல் அதையே படித்துவந்திருந்தால் பிழை அதுவரை தெரியாது.

அமேசானில் கணினிக்கு வழங்கப்பட்ட பொறுப்பு 169.254.169.254 என்ற முகவரியிலுள்ள விவரச் சேவையிலிருந்து பெறப்படுகிறது. 2019இல் வந்த அச்சேவையின் இரண்டாம் பதிப்பில், விடைப் பொட்டலம் எத்தனை தாவல்கள் செல்லலாம் என்பதற்கு வரம்பு வைக்கப்பட்டது. அந்த வரம்பு 1 ஆக இருக்குமானால், கணினியில் நேரடியாக இயங்கும் நிரலுக்கு அடையாளம் கிடைக்கும். அதே கணினியில் டாக்கரின் பாலவகை வலையமைப்புக்குள் இயங்கும் நிரலுக்கு, கொள்கலனின் எல்லையே ஒரு தாவலாகிவிடுவதால், கிடைக்காது. அடையாளம் எதுவும் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் பிழைச்செய்தியிலிருந்து இக்காரணத்தை ஊகிப்பது கடினம். வரம்பை 2 ஆக்கினால் தீரும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படுமானால், அது வழியில் எங்கோ உருமாறியிருக்கலாம். எக்கோ ஆணையின் விடையை பேஸ்64 ஆக்கிக் குபெர்னெட்டிஸ் இரகசியமாக வைக்கும்போது வரிமுறிவுக் குறி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். டாக்கரின் ரன் ஆணைக்குத் தரும் சூழல் கோப்பில் மேற்கோள் குறிகளும் மதிப்பின் பகுதியாகவே கொள்ளப்படும். மடிக்கணினியில் பயன்படும் பைத்தான் நூலகமோ அவற்றை நீக்கிவிட்டுப் படிக்கும். இணைப்பு முகவரிக்குள் கடவுச்சொல்லை எழுதும்போது @ என்ற குறியை %40 என மாற்றாவிடில் அதற்குப் பின்னுள்ள பகுதி சேவையகத்தின் பெயராகக் கொள்ளப்படலாம். கடவுச்சொல்லை அச்சிடாமல் அதன் நீளத்தை மட்டும் லாக் பதிவில் எழுதி இரு இடங்களையும் ஒப்பிட்டால் முதலிரு பிழைகளும் ஒரே பார்வையில் தெரியும்.

வெளி நிறுவனத்தின் ஏபிஐயில் கதை வேறு. அங்கு அடையாளமும் அனுமதியும் சரியாக இருந்தும், கோரிக்கை மேக நிறுவனத்தின் முகவரித் தொகுப்பிலிருந்து வருகிறது என்பதற்காகவோ வேறு நாட்டிலிருந்து வருகிறது என்பதற்காகவோ தடுக்கப்படலாம். நிலையான வெளிமுகவரி ஒன்றை அமைத்துக்கொண்டு, அந்நிறுவனத்திடம் அனுமதி கேட்பதைத் தவிர இதற்கு நேர்மையான வழி இல்லை.

உலாவியில் இயங்கும் பகுதி

செயலியின் முகப்பு உலாவியிலிருந்து நேரடியாகத் தரவைக் கேட்குமானால், கார்ஸ் என்னும் விதி குறுக்கிடும். ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் வேறு தளத்தின் விடையைப் படிக்கலாமா என்பதை, அந்த வேறு தளம் அனுப்பும் தலைப்புகளைக் கொண்டு உலாவி முடிவு செய்வதே அவ்விதி. உலாவி மட்டுமே இதைச் செயல்படுத்துவதால் கர்ல் ஆணையில் இச்சிக்கல் தோன்றாது. வைட் போன்ற உருவாக்கக் கருவிகளில் இடைத்தரகர் அமைப்பு வைத்திருந்தால் மடிக்கணினியிலும் தோன்றாது. மேலும், இக்கருவிகள் சில சூழல் மாறிகளைக் கட்டமைக்கும் வேளையிலேயே கோப்புக்குள் பதித்துவிடுகின்றன. பின்னர் மேகத்தின் அமைப்புப் பக்கத்தில் மதிப்பை மாற்றினாலும், மீண்டும் கட்டமைக்காதவரை பழைய முகவரியே பயன்படும்.

நாளும் நேரமும்

பிழையே எழாமல் தரவு மட்டும் பழையதாக வருவது எல்லாவற்றிலும் கடினமானது. மேகக் கணினிகளின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. மழையளவுச் செயலி இன்றைய நாளைப் பெயராகக் கொண்ட கோப்பைக் கேட்குமானால், இந்தியாவில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை மேகத்திலுள்ள செயலி நேற்றைய கோப்பையே கேட்டுக்கொண்டிருக்கும். பகலில் சோதிப்பவருக்கு இது ஒருபோதும் அகப்படாது. எந்த நேர வலயத்தின் நாள் என்பதை நிரலில் வெளிப்படையாக எழுதுவதே தீர்வு.

சிலநேரம் வேலை செய்து சிலநேரம் நிற்கும் இணைப்புக்கும் காலமே காரணமாகலாம். அமேசானின் நேட் கேட்வே 350 நொடிகள் பேச்சற்றிருந்த இணைப்பைக் கைவிடுகிறது; அஸூரின் பளு பகிர்வியின் இயல்பு வரம்பு 4 நிமிடம். செயலியின் இணைப்புத் திரட்டி அந்த இணைப்பு உயிரோடிருப்பதாக நம்பி அதையே மீண்டும் எடுக்கும்போது, ஓய்வுக்குப் பின்வரும் முதல் கோரிக்கை மட்டும் தவறும். பயன்படுத்துமுன் இணைப்பைச் சோதிக்கும் வசதி எஸ்கியூஎல்ஆல்கெமி போன்ற நூலகங்களில் உண்டு. அதை இயக்கினால் போதும். எண்ணிக்கைச் சிக்கல் இதற்கு உறவானது: போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும். மடிக்கணினியில் ஒரு செயலி 10 இணைப்புகளை வைத்திருப்பது பொருட்டில்லை. மேகத்தில் அதே செயலி பன்னிரண்டு படிகளாகப் பெருகும்போது வரம்பு உடைகிறது.

தலைகீழ் நிலை

மேகத்தில் வேலை செய்வது மடிக்கணினியில் நிற்பதும் உண்டு. அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. தரவுத்தளம் தனியார் வலையமைப்புக்குள் முறையாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். இந்நிலையில் 0.0.0.0/0 என எழுதி உலகிலுள்ள எல்லா முகவரிகளுக்கும் கதவைத் திறந்துவிடும் ஆசை எழும். தற்காலிகம் என்று சொல்லித் திறந்த விதிகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதை இத்துறையினர் அறிவர். இடைக்கணினி ஒன்றின் வழியாக எஸ்எஸ்எச் சுரங்கம் அமைத்து, மடிக்கணினியின் ஒரு போர்ட்டைத் தரவுத்தளத்தோடு இணைப்பது பாதுகாப்பான முறை. அப்போது செயலி பேசும் முகவரி லோக்கல்ஹோஸ்ட் ஆகிவிடுவதால், சான்றிதழிலுள்ள பெயரோடு அது பொருந்தாமல் சரிபார்ப்பு தவறும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இணைப்பு நூலகம் சேவையகத்தின் பெயரையும் இணைய வேண்டிய ஐபி முகவரியையும் தனித்தனி அளபுருக்களாக ஏற்பதால், பெயருக்குத் தரவுத்தளத்தின் உண்மைப் பெயரையும் முகவரிக்கு 127.0.0.1 என்பதையும், போர்ட்டுக்குச் சுரங்கத்தின் எண்ணையும் தந்துவிட்டால் சரிபார்ப்பை அணைக்காமலேயே இணைப்பு அமையும்.